உடைக்கத் தக்க வைரங்கள்: ஆட்ட மேசைக்குக் கல் வார்த்த கதை

எங்கள் ஆட்டக் குழு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை மாலையில், சிங்கப்பூரின் தோ பாயோவில் உள்ள என் நான்கறை வீட்டில் கூடுகிறது. ஆறு பேர் ஆடுகிறோம். ஆட்டம், மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு வேடமேற்றுக் கதை வளர்க்கும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, அதிலும் 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு. விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் மேசையில் பேச்சு தமிழ்தான். நான் டிஎம், அதாவது கதையை நடத்திச் செல்பவன். சில மாதங்களுக்கு முன் ஒரு சண்டையில் எங்கள் போர்வீரன் இறந்துபோனான். கிளெரிக் என்னும் பூசாரி வேடமேற்றிருந்தவர் என் நண்பரின் தங்கை. அவர் ரிவிவிஃபை மந்திரத்தை ஓதுவதாக அறிவித்தார், குறிப்பேட்டில் ‘வைரம் - 300 பொன்’ என்றிருந்த வரியை அழிப்பானால் தேய்த்தார், துகளை ஊதிவிட்டார், போர்வீரன் எழுந்து உட்கார்ந்தான். செத்தவனை மீட்டுக் கொண்டுவந்த அந்த நொடியில் இன்னொருவர் முறுக்குத் தட்டை எட்டி எடுத்துக்கொண்டிருந்தார். குறிப்பேட்டு வரிக்குப் பதிலாக, கையில் பிடித்து உண்மையாகவே இழக்கத் தக்க கற்களைச் செய்யும் இந்த வேலை, அழிப்பான் துகளைத் துடைத்த அன்று இரவே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். வௌவால் எச்சம், ஒரு சிட்டிகை மணல் போன்ற சில்லறைப் பொருள்கள் எல்லாம், மந்திரப் பை ஒன்று இடுப்பில் இருந்தாலே கையில் இருப்பதாகக் கொள்ளப்படும். விலை குறிக்கப்பட்ட பொருளுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. அதை உண்மையாகவே தேடிப் பெற்று வைத்திருக்க வேண்டும். இறந்து ஒரு நிமிடத்துக்குள் எழுப்பும் ரிவிவிஃபைக்கு 300 பொன் மதிப்புள்ள வைரங்கள் வேண்டும். பத்து நாள்களுக்குள் எழுப்பும் ரெய்ஸ் டெட் மந்திரத்துக்கு 500 பொன் வைரமும், நூற்றாண்டு வரை பின்னோக்கிச் செல்லும் ரெசரெக்‌ஷனுக்கு 1,000 பொன் வைரமும், எல்லாவற்றுக்கும் மேலான ட்ரூ ரெசரெக்‌ஷனுக்கு 25,000 பொன் மதிப்புள்ள வைரங்களும் வேண்டும். இவை அனைத்திலும் கல் மந்திரத்தோடு அழிந்துபோகும். பொருள்களை அடையாளம் காட்டும் ஐடென்டிஃபைக்கு வேண்டிய 100 பொன் முத்தும், குரோமாட்டிக் ஆர்ப் மந்திரத்துக்கு வேண்டிய 50 பொன் வைரமும் அழியாமல் கையிலேயே இருக்கும். ஆக, அழியும் கல், அழியாத கல் என இரண்டு வகை. இந்தப் பிரிவினைதான் பிறகு என்னைப் படாத பாடு படுத்தியது.

ஆட்டத்தின் பொற்காசைப் ‘பொன்’ என்று நாங்கள் மொழிபெயர்த்துக்கொண்டதற்கும் ஒரு காரணம் உண்டு. ஆட்டத்தில் வெள்ளிக்காசும் புழங்குகிறது. சிங்கப்பூரில் வெள்ளி என்றால் டாலர். “இருநூறு வெள்ளி கொடு” என்று ஒரு கற்பனை வணிகன் கேட்டதும், பக்கத்திலிருந்தவர் தன் பணப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது எங்கள் மேசையில் நடந்திருக்கிறது.

முதல் முயற்சியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அது வீண். பூகிஸ் பக்கம் ஃபூ லூ ஷோ காம்ப்ளெக்ஸில் பச்சைக்கல்லும் படிகமும் விற்கும் கடைகளைச் சுற்றிவந்து கண்ணாடி மணிகள் வாங்கினேன். வீட்டில் சிலிக்கோன் அச்சுகளில் எபாக்சி ரெசின் ஊற்றிச் சில கற்கள் வார்த்தேன். அது மழை வாரம். காற்றின் ஈரத்தால் ரெசினின் மேற்பரப்பில் மெழுகு போன்ற பிசுக்குப் படிந்து, கல் தொட்ட விரலில் ஒட்டியது. பிசுக்கில்லாமல் வந்தவையும் கையில் வைத்தால் பொத்தான் போலவே இருந்தன. ரெசினின் அடர்த்தி ஏறத்தாழ 1.1, கண்ணாடிக்கு 2.5, வைரத்துக்கு 3.52 என்று பார்த்தால் அதில் வியப்பில்லை. எடைக் குறையையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் மந்திரம் முடிந்ததும் அந்தக் கல்லை எடுத்து மறுபடியும் பெட்டியில் போட வேண்டியிருந்தது. அழிப்பானுக்குப் பதிலாகப் பெட்டி வந்ததே தவிர, இழப்பு வரவில்லை.

வழி, லிட்டில் இந்தியா பக்கத்துத் தேக்காவில் கிடைத்தது. வெள்ளிக்கிழமைப் பூசைக்குச் சாமான் வாங்கப் போனபோது, மளிகைக் கடையில் ஒரு பொட்டலத்தின் மேல் ‘டைமண்ட் கற்கண்டு’ என்று அச்சிட்டிருந்தது. சிறு வயதிலிருந்து பார்த்து வந்த பெயர்தான். அன்றைக்குத்தான் அதை வாசித்தேன். ஒரு பொட்டலமும், ஏலக்காய் தட்டும் குட்டிப் பித்தளை உரல் ஒன்றும் வாங்கி வந்தேன். உரலில் இட்டு ஓங்கி ஒரு தட்டு தட்டினால் கற்கண்டு ‘நறுக்’கென உடைகிறது, அந்த ஓசை மேசை முழுவதும் கேட்கிறது, உடைந்ததை வாயில் போட்டுக்கொண்டால் தடயமே இல்லாமல் போய்விடுகிறது. வைரம் உடையுமா என்று சிலர் கேட்பதுண்டு. உலகில் கடினமான இயற்கைக் கல் அதுதான், கீறுவது அரிது. ஆனால் கடினமும் உறுதியும் ஒன்றல்ல. வைரத்துக்கு நான்கு பிளவுத் திசைகள் உண்டு. அவற்றின் போக்கில் சுத்தியல் பட்டால் பிளந்துவிடும். ஆகவே உரலில் இடித்து வைரத்தை அழிக்கும் காட்சியில் பொய்யில்லை.

கற்கண்டில் இரண்டு குறைகள் இருந்தன. எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் 300 பொன் கல்லையும் 1,000 பொன் கல்லையும் வேறுபடுத்த முடியவில்லை. மூன்றாம் நாள் காலையில் பெட்டியைத் திறந்தால் பிள்ளையார் எறும்புகள் வரிசை பிடித்து நின்றன. அளவு வேண்டுமானால் நானே வார்க்க வேண்டும் என்று முடிவானது.

சர்க்கரையில் தொடங்கினேன். 150 பாகை செல்சியஸ் வரை காய்ச்சினால் பாகு ஆறியதும் கண்ணாடி போல் உடையும் நிலைக்கு வரும். சமையலறையில் வெப்பமானியோடு நான் நின்றிருந்ததைப் பார்த்த என் மாமியார், “என்ன மாப்ள, கடலை மிட்டாய்க்குப் பாகா?” என்று கேட்டுவிட்டு, கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அதை எடுத்துக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டிப் பார்த்து, “இன்னும் ஆகல” என்றார். வெப்பமானி அப்போது 138 காட்டியது. அவர் “இப்ப எறக்கு” என்றபோது 151. அதன்பின் வெப்பமானியைச் சரிபார்க்க நான் அவரையே நம்பினேன். ஆனாலும் வைரம் கிடைக்கவில்லை. அடிப்பகுதி சற்றுக் கூடுதலாகக் காய்ந்ததால் கற்கள் எல்லாம் பொன் மஞ்சளாக வந்தன. அவற்றைப் புஷ்பராகம் என்று பெயரிட்டு ஒதுக்கி வைத்தேன். மறுநாள் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. காய்ச்சும்போது சர்க்கரையின் ஒரு பகுதி குளுக்கோசும் ஃபிரக்டோசுமாகப் பிரிகிறது. ஃபிரக்டோஸ் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சாதாரணமாகத் தாண்டும் இந்த ஊரில் சர்க்கரை வைரத்துக்கு ஒருநாள் ஆயுள்தான்.

அடுத்து கேக் அலங்காரக்காரர்கள் பயன்படுத்தும் ஐசோமால்ட். சர்க்கரையிலிருந்து பெறப்படும் இந்தப் பொருள் ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது, எளிதில் மஞ்சளிப்பதும் இல்லை. அடுமனைப் பொருள் விற்கும் கடையில் அரைக் கிலோ வாங்கினேன். முதல் தடவை சர்க்கரைக்குச் செய்ததைப் போலவே 150 பாகையில் இறக்கிவிட்டேன். உள்ளே தண்ணீர் தங்கி, கற்கள் பிசுபிசுத்தன. இப்போது நான் செய்யும் முறை இது. 150 கிராம் ஐசோமால்ட்டோடு ஒரு மேசைக்கரண்டி காய்ச்சி வடித்த நீர் சேர்த்து, துருப்பிடிக்காத சிறிய எஃகுப் பாத்திரத்தில், கிளறாமல், 170 பாகை வரை காய்ச்சுகிறேன். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்புகள் நிறத்தைக் கெடுப்பதாகத் தோன்றியதால் அதைத் தவிர்க்கிறேன். 170ஐத் தொட்டதும் பாத்திரத்தின் அடியைக் குளிர்ந்த நீரில் மூன்று எண்ணும் வரை வைத்து எடுத்தால், வெப்பம் மேலும் ஏறாமல் நிற்கும். பிறகு பொறுமை வேண்டும். குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடையும்; 140 பாகைக்கு இறங்கும்போது பாகு வடித்த நெய் போல் தெளிந்திருக்கும். அப்போது, நூல் போல் மெல்லிய ஒழுக்காக, அச்சின் ஒரு விளிம்பிலிருந்து ஊற்ற வேண்டும். நடுவில் ஊற்றினால் காற்று அடியில் சிக்கிக்கொள்கிறது.

சிவப்புக் கல்லுக்குச் சாயம் விட்டபோது நான் செய்த தவற்றை மற்றவர்கள் செய்ய வேண்டாம். நீரில் கரைந்த உணவுச் சாயத்தைச் சூடான ஐசோமால்ட்டில் விட்டால், அந்த நீர் நொடியில் ஆவியாகிப் பாகைத் தூக்கி எறியும். இடது கட்டைவிரலில் ஒரு துளி விழுந்தது. அது எண்ணெய் போல வழிந்து போவதில்லை. பிசின் போல ஒட்டிக்கொண்டு சுடுகிறது. அன்றுமுதல் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரம் குளிர்ந்த நீர் எப்போதும் இருக்கிறது. சாயமும் தூள் வகைதான்.

என்னிடம் 15, 19, 22 மில்லிமீட்டர் விட்டத்தில், பட்டை தீட்டிய வைர வடிவ அச்சுகள் மூன்று உள்ளன. அவற்றில் வார்த்த கற்கள் முறையே 1.1, 2.3, 3.4 கிராம் எடையில் வந்தன. எடையிலிருந்து விலையை எப்படிப் பெறுவது என்பதற்கு, பதினேழாம் நூற்றாண்டில் கோல்கொண்டா வரை வந்துபோன பிரெஞ்சு வணிகர் தவெர்னியேயின் பெயரால் வழங்கும் பழைய கணக்கு கைகொடுத்தது. வைரத்தின் விலை எடையின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும் என்பது அது. எடை இரட்டித்தால் விலை நான்கு மடங்கு. ஒரு கிராம் கல்லுக்கு 100 பொன் என்று வைத்துக்கொண்டேன். சிறிய கல் 121 பொன், நடுத்தரக் கல் 529 பொன், பெரிய கல் 1,156 பொன் என்று அமைந்தது, விதிப்புத்தகத்தின் 500, 1,000 பொன் படிகளோடு தானாகவே ஒத்துப்போயிற்று. பெரிய கல் உண்மை வைரமாக இருந்தால் ஏறத்தாழ 40 காரட் இருக்கும், கோகினூர் 105.6 காரட் என்பதால், என் பெட்டியின் பெருமையை அளவோடு வைத்துக்கொள்கிறேன்.

இந்த வர்க்கக் கணக்கால், அதுவரை நாங்கள் கவனிக்காத ஒரு சொல் உயிர்பெற்றது. எங்கள் பதிப்பில் ரிவிவிஃபைக்கு ‘வைரங்கள்’ என்று பன்மையில் இருக்கிறது. ரெய்ஸ் டெட்டுக்கு ‘ஒரு வைரம்’. முன்னதற்குச் சிறு கற்கள் மூன்றைச் சேர்த்து இடித்தாலும் ஆகும். பின்னதற்கு ஐந்து சிறு கற்கள் சேர்ந்து 600 பொன்னைத் தாண்டினாலும் ஆகாது. குறிப்பேட்டில் பொன்னாக எழுதிவைத்த காலத்தில் இந்த வேறுபாடு யார் கண்ணிலும் பட்டதில்லை.

தூளுக்கு வேறு கணக்கு. ஸ்டோன்ஸ்கின் மந்திரத்துக்கு 100 பொன் வைரத் தூளும், கண்டினுவல் ஃபிளேமுக்கு 50 பொன் மாணிக்கத் தூளும் செலவாகும். தூளுக்கு எடைக்கு எடை நேர்விலை, கிராமுக்கு 25 பொன். நல்ல கல்லை இடித்துத் தூளாக்குவது நட்டம், பழுதான கல்லை இடிப்பதே புத்தி. உலகத்திலும் நகைக்குத் தேறாத வைரத்தை இடித்துச் சாணைப்பொடியாகத்தான் பயன்படுத்துகிறார்கள்.

பழுதான கற்களோ என்னிடம் ஏராளமாக இருந்தன. முதலில் அவற்றை மறுபடியும் உருக்கிவிட நினைத்தேன். அப்போது சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை நினைவுக்கு வந்தது. மதுரையின் மணிக்கடை வீதியைச் சொல்லும் இடத்தில், காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் நான்கு குற்றங்களும் நீங்கிய வைரங்களை இளங்கோவடிகள் பேசுகிறார். என் தட்டைப் பார்த்தேன். சிக்கிய குமிழி விந்து. (துளி, புள்ளி என்பதே இங்கே பொருள்; மேசையில் சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆயிற்று.) அடிப்பிடித்த கருந்துகள் களங்கம். அச்சிலிருந்து அவசரமாகப் பிதுக்கியதால் உள்ளே ஓடிய கீற்று ஏகை. சீக்கிரம் ஆறட்டும் என்று குளிர்பதனப் பெட்டியில் வைத்த கற்களில், அதிர்ச்சியால் ஒரு புள்ளியிலிருந்து மூன்றாகப் பிரிந்த விரிசல், காக்கையின் காலடி அச்சாகவே விழுந்திருந்தது. நான்கு குற்றங்களும் என் கைத்தவறுகளாகத் தட்டில் கிடந்தன. ஒவ்வொரு குற்றத்துக்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று விதி செய்தேன். ஒரு குற்றமுள்ள நடுத்தரக் கல் 529லிருந்து 423க்கு இறங்கி, ரெய்ஸ் டெட்டுக்குத் தகுதியை இழந்துவிடும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்றையும், நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் சிறு தராசையும் மேசையில் வைத்தேன். கல்லை வாங்கும்போது சோதிப்பது ஆட்டக்காரர் பொறுப்பு. வணிகன் குற்றத்தைச் சொல்ல மாட்டான்.

அழியாத கற்களுக்குக் கண்ணாடியே போதும் என்று விட்டுவிட்டேன். அதில் ஒரு விபத்து மயிரிழையில் தப்பியது. ஒரு மாலை, உரலில் கல் உடையாததைப் பார்த்த நண்பர் ஒருவர், இடிப்பதை விட்டுவிட்டு அதை வாயில் போட்டுக் கடிக்கப் போனார். கண்ணாடி. நான் போட்ட சத்தத்தில் துப்பிவிட்டார். அதன்பின் அழியாத கல் எதுவும் தனியாக இருப்பதில்லை: முத்து ஒரு நூலில் கோக்கப்பட்டிருக்கிறது, குரோமாட்டிக் ஆர்ப் வைரம், பித்தளை மோதிரமொன்றில் பதிக்கப்பட்டு விசார்ட் என்னும் மந்திரவாதி வேடமேற்பவரின் விரலில் இருக்கிறது. ஐசோமால்ட்டையும் அளவோடு தின்ன வேண்டும். கூடினால் வயிற்றைக் கலக்கும். ட்ரூ ரெசரெக்‌ஷனுக்கான 25,000 பொன்னைப் பெரிய கல்லாக இடித்தால் இருபத்திரண்டு கல். அன்றைக்கு யாரும் எதையும் உண்ணக் கூடாது என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

பெட்டி, என் பாட்டியின் வெற்றிலைப் பெட்டி. பாக்குக்கும் சுண்ணாம்புக்கும் களிப்பாக்குக்கும் இருந்த அறைகளில் இப்போது கற்கள். மூடி காற்றைத் தடுக்காது என்பதால் ஒவ்வொரு கல்லும் ஒரு சிறு ஜிப் பையில் இருக்கிறது. ஈரம் பட்டால் நிறம் மாறும் சிலிக்கா மணிகள் கொஞ்சம் சுண்ணாம்பு அறையில். இரண்டு மாதமாகியும் கற்கள் மங்கவில்லை, எறும்பும் வரவில்லை.

சென்ற சனிக்கிழமை பெட்டி முதன்முறையாக வேலை பார்த்தது. சதுப்பு நிலத்தில் நடந்த சண்டையில் விசார்ட் இறந்தார். கிளெரிக்கிடம் மூன்று சிறு கற்கள் இருந்தன. முந்தைய ஊரில் மலிவாகக் கிடைக்கிறதென்று, லூப்பைத் தொடாமலே வாங்கியவை. மூன்றும் குற்றமற்றவையாக இருந்தால் 363 பொன். இப்போது லூப்பை எடுத்துக் கண்ணருகே வைத்து, கூடத்து விளக்குக்கு நேராக முதல் கல்லைப் பிடித்தார். ஒரு குமிழி. இரண்டாவதிலும் ஒரு குமிழி, விளிம்பை ஒட்டி. அப்போதும் 315 தேறும் என்று பக்கத்திலிருந்தவர் கணக்குப் போட்டுச் சொன்னார். மூன்றாவதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அண்ணா, இதுல காக்கா கால் இருக்கு” என்றார். ஒவ்வொன்றும் 97, மொத்தம் 291. ஒன்பது பொன் குறைவு, ஒரு நிமிடத்துக்கு இன்னும் நான்கு சுற்றுதான் பாக்கி. யாரும் முறுக்கைத் தொடவில்லை.

இறந்தவரின் விரலிலேயே ஒரு வைரம் இருக்கிறதே என்று முதலில் கண்டவர் இறந்தவர்தான். பேசக் கூடாது என்பதால் மோதிரக் கையை மட்டும் மேசைமேல் நீட்டினார். 291உம் 50உம் 341. கிளெரிக் மூன்று கற்களையும் உரலிலிட்டு இடித்தார். மோதிரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அது கண்ணாடி, இடிக்க முடியாது. நான் கையை நீட்டி அதை வாங்கி என் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினேன். விசார்ட் எழுந்தார். குரோமாட்டிக் ஆர்ப் போயிற்று. அழியாத வகைக் கல்லையும் இன்னொரு மந்திரம் தின்னலாம் என்பதை நான் யோசித்திருக்கவே இல்லை.

அடுத்த வார்ப்பில் மோதிரத்துக்கும் ஐசோமால்ட் கல்லே பதிக்கப் போகிறேன். அதற்கு 0.7 கிராம் எடையில் ஒரு கல் வேண்டும். வர்க்கக் கணக்கில் அது 49 பொன்னுக்குத்தான் வரும் என்பதால், 0.71க்கு அச்சைச் சற்றே அகலப்படுத்த வேண்டியிருக்கிறது.